பதினோரு பாக்கெட்

ஐகிரவுண்டு ஆசுபத்திரியில்
முப்பிடாதிக்குக் கர்ப்பப்பை எடுத்த ஒன்பதாம் நாள்
போகலாம் என்று சீட்டுக் கொடுத்தார்கள்.
வயிற்றோடு தலையணையை அணைத்து
ஆட்டோவில் அவள் உட்கார்ந்ததுபோக
மிச்ச இடமெல்லாம் ரொட்டி.

எங்கள் பக்கம் யாருக்காவது
காய்ச்சல் வந்தால்தான்
ரொட்டி வீட்டுக்குள் வரும்.
பார்க்க வந்தவர்கள் எல்லாரும்
ஆசுபத்திரி வாசலில் அதே கடையில்
அதே பாக்கெட்டை வாங்கி வந்திருந்தார்கள்.
முக்கூடல் வருவதற்குள்
நடுவே ஒன்று நசுங்கிவிட்டது.
எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று.

ஒவ்வொன்றாய்ப் பிரிக்கும்போதும்
கட்டிலில் இருந்தே கேட்பாள்,
"அது யாரு கொண்டாந்தது?"
எனக்கெல்லாம் ஒன்றுபோல இருந்தது.
அவளுக்குத் தெரிந்தது.
"முடிச்சு போட்ட பை, தாஜின்னிசா.
நசுங்குனது பீடிக்கடை ஏசுவடியான்.
அந்தச் சின்னது ஒங்க ஸ்டாண்டுல
மூணு பேரு சேந்து வாங்குனது."
நாளை அவர்கள் படுத்தால்
திருப்பிச் செய்ய வேண்டிய மொய்.

முதல் நாள் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு
மிளகாய்ப்பொடி தூவிச் சுட்டேன்.
மறுநாள் உள்ளி வதக்கி உப்புமா.
உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.
மூன்றாம் நாள் சின்னவன்
தட்டைப் பார்த்துவிட்டு
தன் கழுத்தைத் தானே தொட்டுக் கேட்டான்,
"யப்பா, எனக்கும் காய்ச்சலா?"

ஓரத்தை வெட்டித் தகரத்தில் காயவைத்தேன்.
காக்கை எடுத்ததுபோக
மீந்ததை இடித்துப் பருப்பு வடைக்குப் போட்டேன்.
வடை உதிராமல் நின்றது, அதை ஊரில் சொன்னேன்.

சொதி வைத்த அன்று
படுத்த இடத்தில் இருந்தே கத்தினாள்:
"மொதப்பால ஊத்துனதும் எறக்கிருங்க!
கொதிச்சா திரிஞ்சிரும்!"
திரிந்துதான் போனது.
மறுவீட்டுக்கு வைக்கிற சொதி
ஆசுபத்திரி ரொட்டியைப் பார்த்த கோபமோ என்னவோ.
இஞ்சித் துவையல் காப்பாற்றியது.
பெரியவள் நாலு துண்டு கேட்டாள்.

பத்து முடிந்தது.

பதினோராவது பாக்கெட்
பீடிச் சுளகில், அவள் தலைமாட்டில் இருந்தது.
கையை நீட்டினேன்.
"அது இருக்கட்டும்" என்றாள்.

ஆப்பரேசன் மயக்கத்தில் அவள் கிடந்தபோது
ஒரு ஆள் வந்து
சன்னலில் வைத்துவிட்டு
பேர் சொல்லாமல் போனதாக நர்சு சொன்னாள்.
கட்டைவிரல் நகம் கறுத்த ஆள்.
அந்த நகத்தை எனக்கும் தெரியும்.
ஒரு மரக்கால் விதைப்பாட்டுக்காக
ஏழு வருசமாய்ப் பேசாத
அவள் அண்ணன் தளவாய்.

திங்கள் இரவு
பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத்
தேதியைப் படித்தாள்.
"நாளையோட கெட்டுரும்.
இன்னைக்கே முடிச்சிரணும்."

வந்தபின் முதல் தடவையாக
சுவரைப் பிடித்து அடுப்படிக்கு நடந்தாள்.
இலை வெட்டுகிற கத்திரியால் பாக்கெட்டை நறுக்கி
கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி
தேங்காய்ப்பால் கலந்து
துண்டுகளை நனைத்தாள்.
ஏலக்காயைப் பல்லால் கடித்துப் போட்டாள்.
நாங்கள் நாலு பேர்.
நாலு தட்டு நிரப்பியபின்னும்
கரண்டி நிற்கவில்லை.
தூக்குவாளியை மூடி
என் பக்கம் நகர்த்தினாள்.

"அத்தாளநல்லூருக்குச் சவாரி இருந்தாத்தான..." என்றேன்.
"இருக்கும்" என்றாள்.

கதவைத் திறந்தது தளவாய்தான்.
என்னையும் வாளியையும் பார்த்தான்.
வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.
நான் இஞ்சினை அணைக்கவில்லை.

வாளி புதன்கிழமை வந்தது,
பால்காரன் சைக்கிளில்,
உள்ளே ஒன்றுமில்லாமல்.
வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புவார்களா என்று
எனக்குச் சுர்ரென்றது.

அவள் மூடியைத் திறந்தாள்.
விளிம்பின் மடிப்பில்
கருப்பட்டி கொஞ்சம் காய்ந்து நின்றது.
விரலால் தடவிப் பார்த்துவிட்டு,
"மதினி கழுவல.
அவனேதான் கழுவியிருக்கான்"
என்றாள்.