இருபதின் மேல் இருபத்தேழு

டவுன்ஹால் ரோட்டு ஃப்ளெக்ஸ் கடையில்
லாம்டா குறியைப் பார்த்த பையன் கேட்டான்:
"எந்தக் கட்சிண்ணே இது?
சின்னத்தைப் பெருசா வச்சிர்றேன்,
தலைவர் படம் எங்க?"
தலைவர் கிடையாது என்றேன்.
காதுகுத்துக்கே மூணு தலைவர் வைக்கிற ஊரில்
அவன் என்னை நம்பவில்லை.
ஓரத்தில் ரெண்டு புறாவைப் பறக்கவிட்டான், சும்மா.

இருபதாம் தேதி என்று அடித்து முடித்த பிறகுதான்
நிலோஃபர் மேலூரிலிருந்து கூப்பிட்டாள்.
ஆஸ்பத்திரி பில்லிங் சர்வர் படுத்துவிட்டது,
அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா?
தேதியை மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டேன்.
"அடிச்சது அடிச்சதுதாண்ணே.
வேணும்னா புதுசா இன்னொண்ணு அடிக்கலாம்."
மாறாத தரவு பற்றி
மூன்று கூட்டம் நாங்கள் பேசியதை
ஒரு மூச்சில் சொல்லிவிட்டான்.
புதிதுக்கு நானூற்றைம்பது.
சங்க நிதி மொத்தமே முன்னூற்றுப் பத்து.
இருபதின் மேல் இருபத்தேழை
ஸ்டிக்கராக ஒட்டி வாங்கி வந்தேன்.
ஹாஸ்கெல் படித்தவன் செய்யக்கூடாத காரியம்.
யாரிடமும் சொல்லவில்லை.

வில்லாபுரத்தில் டியூஷன் சென்டர் மாடி.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
"என்ன ஃபங்ஷன்?" என்றார் ஜெயசீலி டீச்சர்.
அதேதான் டீச்சர் என்றேன்.
"சத்தம் வராதுல்ல?"
எதிர் மண்டபத்து மைக்செட்டிடம்
அதை யார் கேட்பது. இருபத்தேழு முகூர்த்த நாள்.

குழுவில் "வர்றேன்" போட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.
மதுரையில் வர்றேன் என்பது
இன்னும் கணக்கிடப்படாத மதிப்பு.
தேவைப்படும்போது திறந்து பார்த்தால்
உள்ளே ஆள் இருக்கலாம்,
"மாட்டுத்தாவணி தாண்டிட்டேண்ணே" இருக்கலாம்,
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஏழு பேர்.
அதில் ஒருவர், கணக்கு டியூஷன் என்று நினைத்து
மகனைச் சேர்க்க வந்தவர். ஃபேன் இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.
உசிலம்பட்டியிலிருந்து ஒச்சப்பன்:
பால் சொசைட்டிக் கணக்கை எர்லாங்கில் எழுதிவிட்டு
காட்ட ஆள் இல்லாமல் ஒரு வருஷமாகச் சுற்றுகிறவன்.

மூன்றாவது ஸ்லைடில் கரண்ட் போனது.
எல்லோரும் ஃபேனைப் பார்த்தோம்.
நிலோஃபர் மூலைக்குப் போய்
அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தட்டினாள்.
"இதை எண்ணணும். எப்படி?
மேல இருக்குறத எடுங்க. ஒண்ணு.
மிச்சம் இருக்குறதும் ஒரு அடுக்குதான்.
அதை எண்ணுற வேலையை
இதே கேள்விகிட்டயே திருப்பிக் கொடுங்க."
ஒச்சப்பன் எடுத்தான். மறுபடி எடுத்தான்.
நாலாவது கழன்று வரவில்லை,
இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.
கடைசியில் வெறும் தரை,
கால்கள் நின்ற இடத்தில் தூசி இல்லாத நாலு வட்டம்.
"இப்ப எத்தனை?"
டியூஷன் தேடி வந்தவர்தான் சொன்னார்:
"பூஜ்யம்."
கொஞ்சம் யோசித்து,
"அதைச் சொல்லாம விட்டா
இல்லாத சேரைத் தேடிக்கிட்டே இருக்கணுமேம்மா."
அவருக்குத்தான் முதல் கைதட்டல்.

எதிரே கெட்டிமேளம் ஏறியது.
தாலி ஏறி முடியும் வரை
சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள்.
"பக்கவிளைவு இல்லாத ஃபங்ஷன்
இந்த ஊர்ல நடத்தவே முடியாதுல்ல" என்றாள்.

டீ ஒன்பது. வடை அவரவர் காசு.
அடுத்த மாதம் யார் பேசுவது என்று கேட்டேன்.
நாற்காலி அடுக்குவதில்
இவ்வளவு ஆர்வத்தை நான் பார்த்ததில்லை.
வெயிலில் ஸ்டிக்கர் ஒரு மூலை உரிந்து
இருபதும் தெரிந்தது, இருபத்தேழும் தெரிந்தது.
ஒச்சப்பன் பேனரைச் சுருட்டிக்கொண்டே,
"மாட்டுக் கொட்டாய்ல ஒரு பக்கம் ஒழுகுதுண்ணே,
எடுத்துக்கிறவா?"
எர்லாங் பற்றி நீ பேசுவதாக இருந்தால் என்றேன்.
புறாக்கள் உள்பக்கம் போகும்படி
இன்னொரு சுற்று சுருட்டினான்.
"வர்றேண்ணே" என்றான்.