இடது ஏழு, வலது ஐந்து

ஆம்பூர் பைபாஸ் ஓரத் தொழிற்சாலையில்
ஒன்பது வருஷம்
ஜோடி பார்ப்பதுதான் என் வேலை.
வலதின் தையலில் ஒரு நூல் விலகியிருந்தால்
இடதுக்கும் சேர்த்துச் சிவப்புக் கோடு.
கழிவு மூட்டையில்
குற்றம் செய்யாத செருப்புகள் எத்தனையோ கிடந்தன.
ஜெர்மனி ஆர்டர் நின்ற மாதம்
என் பெயர் மேலும் யாரோ கோடு இழுத்தார்கள்.
மூன்று மாதச் சம்பளம், ஒரு டிபன் பாக்ஸ்.
மூடியில் கம்பெனி பெயர்.

கடைசி நாள், கேட்டுக்கு வெளியே,
எடைக்குப் போகவிருந்த மூட்டை ஒன்றை
கிலோ அறுபதுக்கு வாங்கினேன்.
ஏன் என்று கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.

பொய். தெரியும்.
என் இடது கால் ஏழு, வலது ஐந்து.
மூன்று வயதில் வந்த காய்ச்சல்
எடுத்துக்கொண்டது போக மீதி.
கடைக்குப் போகும்போதெல்லாம்
இரண்டு ஜோடி வாங்கி
இரண்டு செருப்பைத் தூக்கிப்போடுகிறவள் நான்.

ரயில்வே கேட்டுக்குப் பின்னால் என் வீடு.
காலை ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரைதான்
சமையல் மேடைக்கு வெயில் வரும்.
அடுப்பைத் தள்ளிவைத்து
வெள்ளைச் சார்ட்டின் மேல் ஒற்றைச் செருப்பு.
போனில் படம் எடுத்து
நெட்டில் திறந்த கடையில் ஏற்றி
விலைக்கு மேலே எழுதினேன்:
ஒரு காலுக்கு மட்டும். எந்தக் கால் என்று சொல்லவும்.
பக்கத்து வீட்டு ரஹீமா சிரித்த சிரிப்பில்
அவள் வீட்டுப் பால் பொங்கி வழிந்தது.

நாற்பத்தோரு நாள் யாரும் சொல்லவில்லை.
போன் அதிர்ந்தால் தவணைக்காரன்.
"வீட்லதானே இருக்கே" என்று
கல்யாணத்துக்குப் போகிறவர்கள்
குழந்தைகளை என்னிடம் விட்டுப் போனார்கள்.
நாற்பத்திரண்டாம் நாள் நாக்பூர்:
இடது, ஒன்பது, கறுப்பு.
லாபம் எண்பத்தேழு ரூபாய்.
கூரியர் கடைப் பையன் இம்ரோஸ் எடை போட்டுவிட்டு
"அக்கா, இன்னொண்ணு வைக்க மறந்துட்டீங்க" என்றான்.

பிறகு வந்தன.
மழை மாதிரி இல்லை,
எங்கள் பாலாற்றில் தண்ணீர் வருகிற மாதிரி.
வரும் நாள் தெரியாது,
வந்தால் நம்ப முடியாது.

ஐப்பசியில் ஒரு செய்தி, வேலூரிலிருந்து.
ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து, லாட்ஜ், அறை பன்னிரண்டு.
அசன்சோலிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த ஒருத்தி
இரண்டு காலுக்கும் எட்டு கேட்டாள்.
"புதன்கிழமை ஆபரேஷன்.
அதற்கப்புறம் ஒன்று போதும் என்றால்
மற்றதைத் திருப்பி எடுப்பீர்களா?"
நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சனிக்கிழமை வலது மட்டும் திரும்பி வந்தது,
உள்ளே திணித்த காகிதம்கூடக் கசங்காமல்.
பாதிப் பணம் அனுப்பினேன்.
பஸ் செலவை நோட்டில்
நஷ்டம் என்று எழுதி, அடித்து,
மறுபடி நஷ்டம் என்றே எழுதினேன்.
வேறு சொல் கிடைக்கவில்லை.

"மாச வருமானம் எவ்வளவு?" என்றார் வங்கியில்.
"எந்த மாசம்?" என்றேன்.
விண்ணப்பதாரர்: அம்சவேணி.
வேலை தருபவர்: அம்சவேணி.
அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்,
ஜோடி பார்க்கிறவர் போல.
கடன் இன்னும் வரவில்லை.
வாடகை தவறவில்லை, இரண்டு மாதம் தவிர.

நேற்று கோழிக்கோட்டிலிருந்து ஒரு பெண்.
இடது ஐந்து, வலது ஏழு.
சரியாகத்தான் படிக்கிறேனா என்று
கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன்.
இத்தனை வருஷம் நான் குப்பையில் போட்டதெல்லாம்
இவளுடையது.
அங்கே எந்தக் குப்பையிலோ
என்னுடையது.

தள்ளுபடி உண்டா என்று கேட்டிருந்தாள்.
இல்லை என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
நிறத்தை மட்டும் இனி
நாம் சேர்ந்து தேர்ந்தெடுப்போமா என்றும்,
எனக்குக் கருநீலம் பிடிக்கும் என்றும்.