இடது மேல் இமை

ஓ.பி. சீட்டில் முதல் வரி அதுதான்:
இடது மேல் இமை, கட்டி, ஒரு மாதம்.
அதற்குக் கீழே என் பெயர்,
ஒரு சுழி குறைந்து.

குறுவைக் கொள்முதல் தொடங்கிய வாரம்
தூற்றும் இயந்திரத்தின் சுணை
முகத்தில் அப்பிய சாயங்காலம்
உளுந்தளவு வந்தது.
நாமக்கட்டி உரைத்துப் போட்டேன்.
உள்ளங்கையில் விரலைத் தேய்த்து
சூடு ஆறுமுன் ஒற்றினேன்.
மொச்சையளவு ஆனது.
"யாருக்குக் குடுக்காம தின்னீங்க, பில் கிளார்க்கு?"
என்றான் மூட்டை தூக்கும் வேம்பையன்.
நாற்பது கிலோ மூட்டைக்கு
நாற்பத்தொன்று வைக்கச் சொல்லும் இடத்தில்
அவன் கேட்டதில் தப்பில்லை.

மன்னார்குடி ஆஸ்பத்திரி, கண் பிரிவு.
பெஞ்சில் பக்கத்தில் கோட்டூர் அஞ்சலம்மாள்.
இமைமயிர் உள்ளே திரும்பி
நாலு வருஷமாய் விழியைக் குத்துகிறதாம்.
முள்வாங்கியால் தானே பிடுங்கிக்கொள்வாளாம்,
கண்ணாடிகூட இல்லாமல்.
"களையாட்டம் திருப்பி மொளைக்குது தம்பி,
முன்னைக்கு முரடா."
இமையை வெளிப்பக்கம் திருப்பித் தைக்க
தஞ்சாவூருக்கு எழுதித் தந்தார் டாக்டர் ஹமீதா.
முந்தானை முடிச்சிலிருந்த முள்வாங்கியை
வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.
ஆபரேஷன் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.
"அத எப்பத் தருவீங்க?"

என் முறை.
ஈரச் சாக்கின் வாயை மடிப்பதுபோல்
பஞ்சுக் குச்சியில் இமையைப் புரட்டினார்.
"இமை ஓரத்துல முப்பது வாய்க்கால்னு வச்சுக்குங்க.
எண்ணெய் ஓடணும். ஒண்ணு அடைச்சிருக்கு."
நான் முத்துப்பேட்டைப் பக்கம், கடைமடை.
மேற்கொண்டு எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அமுக்கக் கூடாது.
வீட்டில் கிடக்கும் பழைய களிம்பு கூடாது.
வெந்நீரில் பிழிந்த துணி, நாலு வேளை, பத்துப் பத்து நிமிஷம்.
பிறகு குழந்தை ஷாம்பு ஒரு சொட்டைக் கரைத்து
இமை ஓரம் துடைக்க.
மூன்று வாரத்தில் கரையாவிட்டால்
உள்பக்கமாய்க் கீறி எடுக்கலாம்.
தழும்பு வெளியே தெரியாது.

பத்து நிமிஷம்!
கொள்முதல் நாளில், பட்டப்பகலில்,
வரிசை ரோடு வரைக்கும் நிற்கையில்.

ஃபிளாஸ்க் கொண்டுபோனேன்.
வேம்பையன் செல்போனில் நேரம் வைத்தான்.
துணி கண்ணில் விழுந்ததும்
நான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள் போல.
"பதினேழுன்னா வாங்குவான்.
பதினெட்டுன்னா காய வைன்னுவான்.
ஐப்பசில எந்த வெயில்ல காய வைக்க?"
"நாலு நாளா நெல்லு பக்கத்துலயே படுத்துக் கெடக்கேன்."
தார்ப்பாய் ஒரு தரம் படபடத்தது.
யாரோ எழுந்து ஓடி மிதித்தார்கள்.
சாக்கு ஊசி நூலை இழுக்கும் சத்தம்
அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.
"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றான் வேம்பையன்,
என்னிடமா அவர்களிடமா தெரியவில்லை.

கரையவில்லை.
மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது.
பிதுங்கி வந்ததோ கால் ஸ்பூன் வெண்ணெய் மாதிரி.
இதற்கா இத்தனை நாள்.

மறுநாள் காலை கட்டோடு
நாற்காலியில் உட்கார்ந்தேன்.
நெல்லை மீட்டரில் கொட்டிவிட்டுக்
குனிந்து பார்த்தார் திருமேனி.
"ஒத்தக் கண்ணுக்கு
ஒரு புள்ளி கொறைச்சுத் தெரியாதா, சார்?"

வரிசை சிரித்தது. நானும்.
மீட்டர் பதினெட்டு என்றது.
கட்டுக்குள் இருந்த கண்
ஒன்றும் சொல்லவில்லை.