சூட்டு முள்

நாளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்கிறது,
தரையில் ஒரு சொட்டு வைப்பதில்லை இந்த 407.
பாலக்கோடு மண்டிக்கு வெளியே
ராத்திரி முழுக்க அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தேன்.
விடிந்ததும் பார்த்தால் அட்டை காய்ந்து கிடந்தது.
ஒரு கட்டெறும்பு குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

கலீல் முதலில் மூடியைச் சந்தேகப்பட்டார்.
மூடியின் ரப்பர் நல்லாத்தான் இருந்தது.
அப்புறம் ஹோஸ் கிளிப்புகள்.
அப்புறம் வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்:
அது அழுதால் பம்பு போச்சு என்றார்.
அழவில்லை.
ரேடியேட்டர் வாயில் விரலை விட்டுச் சுரண்டி
சுண்ணாம்புப் படலத்தை எடுத்துக் காட்டினார்.
எங்கள் போர்த் தண்ணீர்.
என் முன்பல்லில் இருக்கும் அதே பழுப்பு.

"கூலன்ட் ஊத்தறதில்லையா?"
ஊத்தினேன், வண்டி வாங்கின வருஷம்.
சர்பத்து மாதிரி பச்சையாக இருக்கும்.
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு வந்த பிறகு
பச்சை போய்
பச்சைத் தண்ணீர்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.
மார்கழிக் காலையில் வாயில் வருமே, அப்படிப் புகை.
ஆனால் இது சித்திரை, மணி பதினொன்று.
இஞ்சின் சூடாகவேயில்லை, அதற்குள்
மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டது,
பாரம் இழுக்கும் மாட்டின் கழுத்து நரம்பாக.
ஆயில் மூடியைத் திருகி என் பக்கம் நீட்டினார்.
உள்ளே நுரை கட்டிய பால்காப்பி.

ரேடியேட்டர் வாயில் குமிழிகள்,
ஒன்று, அதன் பின்னால் ஒன்று,
அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல.
"வெளிய ஒழுகுனா நூறுல முடியும்க்கா.
உள்ள ஒழுகுனா ஆயிரத்துல பேசணும்."

ஸ்பேனரை எடுத்து
டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.
முதல் சிலிண்டர் செத்தது. வண்டி நொண்டியது, குமிழி நிற்கவில்லை.
அதை இறுக்கிவிட்டு இரண்டாவது. அப்படியே.
மூன்றாவதைத் தளர்த்தியதும்
தண்ணீர் அடங்கியது.
கலீல் ஒன்றும் சொல்லவில்லை,
நாலாவதையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஹெட் கேஸ்கட். ஹெட்டும் வளைஞ்சிருக்கலாம்.
கழட்டி ஸ்கேல் வச்சாத்தான் தெரியும்."
கையைத் துடைத்துக்கொண்டே,
"ஒரு நாள்ல போறதில்ல இது.
பல தடவ கொதிச்சிருக்கு. முள்ளு காட்டியிருக்குமே?"

முள் குளிர்ச்சியின் பக்கம் படுத்திருந்தது.
ஆறு மாசமாக அங்கேதான்.

சேலத்திலிருந்து மாட்டுத்தீவனம் ஏற்றி
தொப்பூர் ஏற்றத்தில் வரும்போது
முள் சிவப்பைத் தொட்டது.
ஓரங்கட்டினால் காலை ஏலத்துக்கு வர முடியாது.
கண்ணாடியைத் தட்டினேன். இறங்கவில்லை.
எப்படியோ ஏறிவிட்டது.
மறுநாள் சென்சார் வயரைப் பிடுங்கி
டேப் சுற்றிச் செருகிவிட்டேன்.
பார்த்துக்கொண்டே ஓட்டுவது கஷ்டம்.
பார்க்காமல் ஓட்டுவது
அவ்வளவு சுலபமாக இருந்தது.

டேப்பை இழுத்துப் பார்த்தார் கலீல்.
கடைசியில் சிறு மடிப்பு, பிரிக்க வசதியாக.
நான் எதைச் சுற்றினாலும் அப்படித்தான் மடிப்பேன்.
"மாதேஷ்னு ஒரு டிரைவர் வச்சிருந்தீங்களே,
அவன் பண்ணின வேலையா?"

மாதேஷ் போன தீபாவளிக்கே
ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டான்.

"இருக்கும்" என்றேன்.

தக்காளிக் கூடைகளை வேறு வண்டிக்கு மாற்றினோம்.
அறுபத்திரண்டு கூடை. மூன்று நசுங்கின.
கலீல் லேத்துக்காரரிடம் தேதி கேட்கப் போனார்.

நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.
போகும்போது வயரைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.
முள் மெல்ல எழுந்தது,
பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

மாதேஷுக்கு போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
ஷிஃப்டில் இருப்பான்.