மலை வருது

தமிழுக்கென்று தனியறை இல்லை.
உட்லண்ட்ஸில், நான்காம் மாடியில்,
'அழிக்க வேண்டாம்' என்று யாரோ காவல் வைத்த
கணித முக்கோணத்துக்குக் கீழே
எனக்கு இரண்டு சாண் வெண்பலகை.

மூன்று வகுப்புகளிலிருந்து வந்து சேரும் பதினோரு பேர்.
பதினோரு மடிக்கணினிகள். அவற்றில் ஒன்று
மின்னூட்டம் இல்லாமல் செத்துக் கிடக்கும்.
ரிஷ்வானுடையது. என்றைக்கும்.

இன்றைய பாடம், போலியைக் கண்டுபிடிப்பது.
வீட்டுக் கைப்பேசியில் வந்த செய்தி ஆளுக்கொன்று,
பெயர் போடாமல், அனுப்பச் சொல்லியிருந்தேன்.
இரண்டை எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன்.

மேலே:
"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே,
தங்களின் வங்கிக் கணக்கு இன்று நள்ளிரவுக்குள் முடக்கப்படவிருக்கிறது.
அதனைத் தவிர்க்க, கீழ்க்காணும் இணைப்பைத் திறந்து
விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

கீழே:
"பொறியல் பிரிஜ்ல இருக்கு சூடு பன்னி சாப்புடு
மலை வருது கொடை எடுத்துக்கோ
இன்னிக்கி லேட்டாவும்"

எது போலி? கை தூக்குங்கள்.
கீழே இருப்பதுதான் என்று ஒன்பது கைகள்.
"பன்னிக்குச் சூடு வைக்கிறாங்க, சேர்!"
லவன்யா மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
"மலை எப்படி வரும்? எம்ஆர்டியிலயா?"
நானும் சிரித்தேன். அதை மறைப்பதற்கில்லை.

அவர்கள் மேல் தவறில்லை.
இரண்டு வருடத்துக்கு முன் நான் தயாரித்த தாளில்
நான்காம் வரி, தடித்த எழுத்தில்:
எழுத்துப்பிழை இருந்தால் சந்தேகப்படு.

"ரெண்டும் எங்க வீட்டுது, சேர்."
பிரிசில்லா எழுந்து நிற்கக்கூட இல்லை.
"கீழ இருக்கறது அம்மா எழுதுனது.
மேல இருக்கறது அம்மாவுக்கு வந்தது."

எண்ணூற்று நாற்பது வெள்ளி.
சாங்கியில், விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை.
ஓய்வு நேரம் பத்து நிமிடம்; அதில் திறந்திருக்கிறார்.
"தமிழ் அவ்ளோ நல்லா இருந்துச்சு, சேர்.
பேங்க்ல பெரிய ஆள் யாரோ எழுதிருக்காங்கனு நெனச்சாங்க.
அம்மாவுக்கு யாரும்
'மதிப்பிற்குரிய'ன்னு எழுதுனதே இல்ல."

குளிரூட்டியின் சத்தம் அதுவரை எனக்குக் கேட்டதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள்
சிவப்பு மையால் ஒற்றுப் போட்டவன் நான்.
'அதனைத் தவிர்க்க'
அந்தத் 'த்'தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் பிள்ளைகள் ஒருவரும் போடாத 'த்'.
எதுவோ ஓர் இயந்திரம்,
ஒரு தேர்வுக்கும் பயப்படாமல்,
வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
கட்டுரையாக வந்திருந்தால்
மொழிக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

எல்லாரும் பார்க்க நான்காம் வரியை அழித்தேன்.
வெற்றிடத்தில் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.
யார் அனுப்பியது என்று பார்க்கணும், என்றது ஒரு குரல்.
ஏன் இவ்வளவு அவசரம்னு கேக்கணும், இன்னொன்று.
நம்பரைத் தேடிப் பேங்குக்கே போன் பண்ணலாம்.
சரி, சரி, எல்லாம் சரி.

செத்த கணினியின் மேல் முழங்கையை ஊன்றியபடி
ரிஷ்வான் சொன்னான்:
"மேல உள்ளது நம்மகிட்ட என்னமோ கேக்குது.
கீழ உள்ளது எதையுமே கேக்கல, சேர்."

அதை அப்படியே தட்டச்சு செய்தேன்.
'கேக்குது'வுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
விட்டுவிட்டேன்.

மணி அடித்தது. முக்கோணத்தின் சொந்தக்காரர்
வாசலில் காத்திருந்தார்.
லவன்யா பிரிசில்லாவின் பையைத்
தானே எடுத்துக்கொண்டாள்; ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, ஜொகூர் பக்கமிருந்து,
கருத்து, அடுக்கடுக்காய், உச்சி தெரியாமல்
வந்துகொண்டிருந்தது மலை.
பதினோரு பேரில் ஒருத்தியிடம்தான்
இருந்தது கொடை.