சில்யா

குத்செரோ என்றால்
கலேசா வண்டி ஓட்டுகிறவன்.
மணிலாவில் அத்தோடு முடியாது.
இலக்கணம் இடறினால் குத்செரோ பேச்சு.
நம்ப முடியாததெல்லாம் குத்செரோ கதை.
நாடக மேடையில் அவன் நுழைந்தாலே போதும்,
வாய் திறக்குமுன்
முன்வரிசை சிரித்துவிடும்.

மெலேசியோ கூண்டில் ஏறி
தொழிலைச் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தார்கள்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளன்.
இலோய்லோவிலிருந்து கப்பலேறி வந்து எட்டு மாதம்.
அவன் தகலோகில் சொல்வதை
அமெரிக்க நீதிபதிக்கு ஆங்கிலத்தில் தரவேண்டும்,
கூட்டாமல், குறைக்காமல்.
சத்தியம் செய்திருக்கிறேன்.

சுருட்டாலை விட்டுத் திரும்பிய லியோனிலாவை
பினொண்டோ பாலத்தருகே அடித்துப்போட்டது
ஒரு பச்சை மோட்டார்.
எந்தப் பக்கமிருந்து வந்தது?
"சில்யா" என்றான்.
சில்யா என்றால் நாற்காலி.
"நாற்காலியிலிருந்து வந்தது" என்றேன்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள்.
தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.
நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
மோட்டார்க்காரரின் வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை:
"குத்செரோ கதை, கனம் நீதிபதி அவர்களே."

கயிறு திரிக்கிறானாம்.
அவன் கையில் இருந்த கயிறெல்லாம்
குதிரையின் வாய்க்குப் போகிற கயிறுதான்.
மெலேசியோ தொப்பியைப் பிசைந்தபடி
என்னையே பார்த்தான்,
நான் எதையோ கீழே போட்டுவிட்டதுபோல.

வெள்ளிக்கிழமை விடுதலை.
லியோனிலாவின் தம்பி
படியிறங்கும்போது யாரையும் திட்டவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, நல்ல மழை,
வேறொருவன் கலேசாவில் ஏறினேன்.
முக்கு வந்ததும்
"சில்யா" என்று முனகி வாரைச் சுண்டினான்.
குதிரை இடப்பக்கம் திரும்பியது.

என் வீடு வந்தும் இறங்கவில்லை.
இன்னொரு சுற்றுப் போ என்றேன்.
அடுத்த முக்கு, சில்யா, இடது.
அதற்கடுத்ததும் இடது.
பத்து சென்டாவோ, இருபது, நாற்பது.
குதிரைக்குத் தெரிந்திருந்தது.
இருபது வருஷம் கலேசாவிலேயே
கோர்ட்டுக்கு வந்துபோன
அந்த வக்கீலுக்கும்.

காலையில் மனு எழுதினேன்:
'நாற்காலி' என்றிருப்பதை
'இடப்பக்கம்' என்று படிக்கவும்.
குமாஸ்தா இரண்டு தடவை வாசித்தார்.
யார் உமக்கு இதைச் சொன்னது?
ஒரு குதிரை என்று வாய்வரை வந்தது.
குத்செரோ என்றேன்.

எடுத்த முத்திரையை
மைப்பெட்டி மேலேயே வைத்துவிட்டு
தோள் குலுங்க ஆரம்பித்தார்.