கெர்ன் நிற்கும் இடம்

வகுப்பில் வரவில்லை எனக்கு ஜெர்மன்.
மாவு பிசையும் இயந்திரம்
மூச்சு வாங்க நிற்குமே, அந்த நாலு நிமிடத்தில் வந்தது.

கெம்னிட்ஸ். அதிகாலை மூன்று.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது,
அடுப்பில் இருநூற்று முப்பது.

"நான் கெர்ன் குடிக்கிறேன் டீ" என்றேன்.
ஹென்ரிக்கெ சிரித்தாள், முழங்கைவரை மாவு.
"இரண்டாவது நாற்காலி வினைக்கு.
அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது, தெஸ்ஃபாலெம்.
முதலில் குடி, பிறகு ஆசைப்படு."

நான் குடிக்கிறேன் கெர்ன் டீ.

பால் இல்லை, பன்மை இல்லை,
எந்த வேற்றுமைக்கும் வளையாத சின்னச் சொல்.
இவர்களுக்குப் பிடித்தல் தனி வேலை இல்லை போலும்;
செய்கிற வேலைமேல் தடவும் வெண்ணெய்.
நடக்கிறேன் கெர்ன்.
தூங்குகிறேன் கெர்ன் (பகலில், திரையை இழுத்துவிட்டு).
நான் பிறந்த ஊர் கெரென்.
நடுவில் ஓர் உயிரை உருவினால் இந்தச் சொல்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஏதோ ஒரு டீ என்றால் கெர்ன் முந்திக்கொள்ளும்.
இந்த டீ,
காது உடைந்த நீலக் கோப்பையில் நீ ஊற்றிய டீ என்றால்
டீ முன்னே போகும், கெர்ன் பின்னே.
தெரிந்தவர்களுக்கு வழிவிடும் சொல்.

பிடிக்காது என்றால்
இல்லை முன்னால் நடக்கும், விருப்பம் அதன் முதுகைப் பார்த்தபடி.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
அகதி அலுவலகத்து வரிசையில்
பதினாலு மாதம் நின்றவன் நான்.

ஒரு நாள் முதலாளி ஓட்மார் தொலைபேசியில் கத்தினார்.
அவள் அதை மேசையில் அறைந்து வைத்து
"அவன் என்னை கெர்ன் வைத்துக்கொள்ளட்டும்!" என்றாள்.
எனக்கு அந்த வாக்கியத்தின்
ஒவ்வொரு சொல்லும் தெரியும்.
அன்று இரண்டு தட்டு ரொட்டி கரிந்தது.
தரை துடைக்கும் மர்ஜேனாதான்
வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
"மடையா, அதற்கு அர்த்தம்
தொலைந்து போ என்பது."

அப்படியென்றால் இதே சொல்லால்
எதைத்தான் சொல்வது?
டிராமில் உதடு அசைத்துப் பார்த்தேன்:
நான் வைத்திருக்கிறேன் உன்னை
என்ற இடத்தில் வண்டி நின்றுவிடும்.
கடத்திக்கொண்டு போகிறவன் மாதிரி இருக்கும்.
கெர்ன் கடைசியில்தான் ஏறும்,
கதவு மூடுகிற நேரத்தில், ஓடி வந்து.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
"உன் இடைவேளையையும் ஏன் என் மேசையிலேயே கழிக்கிறாய்?"

ஏன் என்று கேட்டால் வைல் என்று தொடங்க வேண்டும்.
வைல் வந்தால்
வினை தன் நாற்காலியை விட்டு எழுந்து
வாக்கியத்தின் கடைக்கோடிக்குப் போய்விடும்,
என் தாய்மொழியில் அது எப்போதும் உட்காருகிற இடத்துக்கு.
அங்கே எனக்கு நாக்கு தடுக்காது.

"ஏனென்றால்
நான் உன்னை கெர்ன் வைத்திருக்கிறேன்."

அவள் உள்ளங்கையால் மாவை ஒருமுறை திருப்பிப் போட்டாள்.
"வரிசை சரி" என்றாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"ஆனால் வைலில் தொடங்குவது பாதி வாக்கியம்தான்.
மீதி எங்கே?"

அடுப்பு மணி அடித்தது.
இருவரும் எழவில்லை.